கேடி (KT) என்றால் கிங்ஸ்டன் கவுன்சில் என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்துக்குப் புதிதாக வருபவர்களுக்காகப் போன இதழில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையை என் மனைவியும் நானும் சேர்ந்து படித்தோம். வங்கிக் கணக்கு, டாக்டரிடம் பதிவு, வாடகை முன்பணம் பற்றிச் சொன்னதெல்லாம் நல்ல தகவல்கள். ஆனால் போஸ்ட்கோடின் (முகவரியின் அஞ்சல் குறியீட்டின்) முதல் எழுத்துகளை வைத்தே எந்தக் கவுன்டி (பெரிய நிர்வாகப் பகுதி), எந்தக் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) என்று கண்டுபிடித்துவிடலாம் என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து திருத்துங்கள். சர்ரே கவுன்டியில் பல ஆண்டுகள் தபால் பிரித்தவன், வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அந்த எழுத்துகளை அதற்காக வைக்கவும் இல்லை.

எங்கள் குடும்பத்திலேயே இதனால் ஒரு பிள்ளை கஷ்டப்பட்டான். என் அண்ணன் மகள் வூஸ்டர் பார்க்கில் வாடகைக்கு வந்தாள். போஸ்ட்கோட் கேடி4 (KT4). வீடு காட்டிய ஏஜென்ட், கேடி என்றால் கிங்ஸ்டன்தான் என்று சொல்லிவிட்டார். அவளும் மகன் ஆரம்பப் பள்ளியில் முதன்முதலில் சேரும் ரிசெப்ஷன் வகுப்புக்கான விண்ணப்பத்தைக் கிங்ஸ்டனுக்கே அனுப்பிவிட்டாள். அவள் தெருவோ எப்சம் அண்ட் ஈவல் பரோவுக்குள் (தனிக் கவுன்சில் உள்ள உள்ளாட்சிப் பகுதி) வருவது. அங்கே பள்ளிச் சேர்க்கையைக் கவனிப்பது சர்ரே கவுன்டி கவுன்சில். இங்கிலாந்தில் எந்த ஊர்ப் பள்ளியில் இடம் கேட்டாலும், நாம் குடியிருக்கும் இடத்துக்குப் பொறுப்பான கவுன்சில் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆரம்பப் பள்ளிக்குக் கடைசி நாள் ஜனவரி 15. விஷயம் புரிந்து மறுபடி விண்ணப்பித்தபோது அந்த நாள் போய்விட்டது. தெருக்கோடியில் இருக்கும் பள்ளிக்கு நடந்து போயிருக்க வேண்டிய பிள்ளை, இரண்டு பஸ் மாறிப் போனான்.

வூஸ்டர் பார்க் என்ற அந்த ஒரு சின்ன ஊர், கேடி4 என்ற ஒரே குறியீட்டோடு, மூன்று பரோக்களில் கிடக்கிறது. ஒரு பகுதி சட்டன், ஒரு பகுதி கிங்ஸ்டன், இன்னொரு பகுதி எப்சம் அண்ட் ஈவல். முதல் இரண்டும் பெருலண்டன் (கிரேட்டர் லண்டன்), மூன்றாவது சர்ரே. குப்பை எடுப்பவர் வேறு, கவுன்சில் வரி வேறு. கடிதம் கொடுப்பவருக்கு மட்டும் எல்லாம் ஒரே ஊர்.

போஸ்ட்கோட் எப்படி அமைந்திருக்கிறது என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் போஸ்ட்கோட் கேடி8 9ஏயு. கேடி என்பது கிங்ஸ்டனைத் தலைமையாகக் கொண்ட அஞ்சல் பகுதி. எட்டு என்பது அதற்குள் மோல்ஸி வட்டாரம். இடைவெளிக்குப் பிறகு வரும் ஒன்பது, வட்டாரத்துக்குள் ஒரு துண்டு. கடைசி இரண்டு எழுத்துகள் ஒரு தெருவையோ, தெருவில் ஒரு பக்கத்தையோ, அதிகம் தபால் வரும் ஒரே கட்டடத்தையோ குறிக்கும். சராசரியாக ஒரு முழுப் போஸ்ட்கோடுக்கு 15 முகவரிகள்தான். அந்தக் கடைசி இரண்டு இடத்தில் சி, ஐ, கே, எம், ஓ, வி என்ற ஆறு எழுத்துகள் வரவே வராது. கையால் எழுதினால் வேறு எழுத்தாகத் தெரியும் என்பதற்காக ஒதுக்கிவிட்டார்கள். இடைவெளிக்கு முன்னால் இருப்பது கடிதம் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லும், பின்னால் இருப்பது அந்த ஊரில் யார் கையில் போக வேண்டும் என்பதைச் சொல்லும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் உறையின் மேல் வெளிறிய நீலப் புள்ளிகளாக அச்சாகிக் கொண்டிருந்ததும், இப்போது ஆரஞ்சு நிறச் சிறு கோடுகளாக அச்சாவதும் இதே குறியீடுதான், இயந்திரம் படிப்பதற்கேற்ற வடிவத்தில்.

சரி, அந்த அரண்மனை எங்கே இருக்கிறது? தேம்ஸ் நதியின் வடகரையில். பழைய மிடில்செக்ஸ் கவுன்டியின் மண், இன்று ரிச்மண்ட் பரோ. ஆனால் அஞ்சல் முகவரியில் ஊர் ஈஸ்ட் மோல்ஸி. அந்த ஊரோ ஆற்றுக்குத் தென்கரையில், சர்ரேயில் இருக்கிறது. அரண்மனை வாசலிலிருந்து பாலத்தைக் கடந்தால் ஈஸ்ட் மோல்ஸி, ஹாம்ப்டன் கோர்ட் ரயில் நிலையமும் அந்தக் கரையில்தான். கவுன்டி எல்லையாக ஓடும் நதியையே தபால் இப்படிச் சாதாரணமாகத் தாண்டிப் போகிறது.

சர்ரேக்குள் குறைந்தது ஏழு அஞ்சல் பகுதிகள் வருகின்றன: கில்ஃபோர்டின் ஜியு, ரெட்ஹில்லின் ஆர்ஹெச், கிங்ஸ்டனின் கேடி, ட்விக்கன்ஹாமின் டிடபிள்யூ, சட்டனின் எஸ்எம், குரோய்டனின் சிஆர், டன்பிரிட்ஜின் டிஎன். இந்த ஏழு தலைமை ஊர்களில் இன்றைய சர்ரேக்குள் இருப்பவை கில்ஃபோர்டும் ரெட்ஹில்லும் மட்டுமே. கிங்ஸ்டன், சட்டன், குரோய்டன் மூன்றும் 1965இல் பெருலண்டனுக்குப் போய்விட்டன. இன்றைய போஸ்ட்கோட் முறை குரோய்டனில் 1966இல் தொடங்கி, 1974க்குள் நாடு முழுவதும் பரவியது. அதாவது கேடி, சிஆர் என்று பெயர் வைத்தபோதே அந்த ஊர்கள் சர்ரேயை விட்டுப் போயிருந்தன. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எந்த ஊரிலிருந்து பை கட்டி எந்த ஊருக்கு வண்டி போகிறது என்பதுதான் கணக்கு.

இந்த ஏழில் சர்ரேயிலேயே தலைமை ஊர் உள்ள இரண்டும்கூட, சர்ரேயைத் தாண்டி வெகுதூரம் போகின்றன. ஆர்ஹெச் பகுதியின் தலை ரெட்ஹில்லில் இருந்தாலும் உடலின் பெரும்பகுதி வெஸ்ட் சசெக்ஸில். கிராலி, ஹார்ஷம், ஹேவர்ட்ஸ் ஹீத் எல்லாம் அதில்தான். கேட்விக் விமான நிலையத்தின் கதை தெரியுமா? அது 1974 வரை சர்ரேயில் இருந்தது. பிறகு வெஸ்ட் சசெக்ஸுக்குப் போனது. கூடவே போகவிருந்த ஹோர்லி, சார்ல்வுட் மக்கள் எதிர்த்ததால், அந்த இரண்டு ஊரையும் சர்ரேயிலேயே வைத்திருக்கப் பாராளுமன்றம் தனியாக ஒரு சட்டமே போட்டது. இத்தனை நடந்தும் விமான நிலையம், ஹோர்லி, சார்ல்வுட் மூன்றுக்கும் போஸ்ட்கோட் ஆர்ஹெச்6தான். ஜியு பகுதி ஹாம்ப்ஷயரின் பீட்டர்ஸ்ஃபீல்டு, பெர்க்‌ஷயரின் சாண்ட்ஹர்ஸ்ட், வெஸ்ட் சசெக்ஸின் மிட்ஹர்ஸ்ட் வரைக்கும் நீள்கிறது. இன்னொரு பக்கம், கில்ஃபோர்ட் பரோவைச் சேர்ந்த ஆஷ் கிராமத்துக்குப் போஸ்ட்கோட் ஜியு12, முகவரியில் எழுத வேண்டிய ஊர் ஆல்டர்ஷாட். ஆல்டர்ஷாட் ஹாம்ப்ஷயரில் இருக்கிறது. அந்தக் கிராமத்தில் குடியேறும் ஒருவர் உங்கள் கட்டுரையை நம்பினால் ஹாம்ப்ஷயர் கவுன்சிலின் கதவைத்தான் தட்டுவார்.

எண்ணையும் நம்ப வேண்டாம். ஜியு25க்கு அடுத்தது ஜியு26 என்பதால் இரண்டும் பக்கத்து ஊர்கள் என்று நினைக்கத் தோன்றும். ஜியு25 வர்ஜினியா வாட்டர், சர்ரேயின் வடமேற்குப் பகுதி. ஜியு26 ஹைண்ட்ஹெட், தென்மேற்கு மூலை.

ஸ்டெயின்ஸ், ஆஷ்ஃபோர்ட், சன்பரி, ஷெப்பர்டன் ஊர்க்காரர்கள் பட்ட குழப்பத்தை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். இவை 1965இல் மிடில்செக்ஸிலிருந்து சர்ரேக்கு வந்தவை, டிடபிள்யூ15 முதல் 18 வரை. ஆனால் தபால் முகவரியில் மிடில்செக்ஸ் என்ற பெயர் தொடர்ந்தது. 1996இலிருந்து முகவரியில் கவுன்டி பெயரே தேவையில்லை என்று ஆன பிறகும் பலர் மிடில்செக்ஸ் என்றே எழுதினார்கள். வேண்டுமென்றே செய்யவில்லை, பிறந்த ஊரின் பெயரை அப்படித்தான் எழுதிப் பழகியவர்கள். நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் நியூ மால்டனும் பெருலண்டனில் சேர்ந்து அறுபது ஆண்டு ஆகிறது. கல்யாணப் பத்திரிகையில் இன்றும் "நியூ மால்டன், சர்ரே" என்று அச்சடிக்கிறோம். அதில் ஒரு தப்பும் இல்லை, கடிதம் போய்ச் சேரும். அதே வரியை நம்பி சர்ரே கவுன்டி கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டால்தான் சிக்கல்.

தபாலுக்காக ஊரின் பெயரே மாறியதும் இந்தக் கவுன்டியில்தான் நடந்தது. ஜியு15இல் இருக்கும் கேம்பர்லிக்கு முதலில் கேம்பிரிட்ஜ் டவுன் என்று பெயர். பல்கலைக்கழக ஊரான கேம்பிரிட்ஜோடு கடிதங்கள் குழம்பியதால், 1877இல் அஞ்சல் துறைக்காகக் கேம்பர்லி என்று மாற்றினார்கள். இதை நான் எல்லோரிடமும் சொல்வேன், எனக்கு அவ்வளவு பிடித்த கதை.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் ஏன் ஏமாறுகிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. பின்கோடின் முதல் இரண்டு இலக்கம் 60 முதல் 64க்குள் இருந்தால் பெரும்பாலும் தமிழ்நாடுதான். முன்பகுதியைப் பார்த்து மாநிலத்தைச் சொல்லிப் பழகிய கண், இங்கேயும் அதையே தேடுகிறது. இங்கே அந்தப் பழக்கம் உதவாது.

அப்புறம் என்ன செய்வது? முழுப் போஸ்ட்கோடையும், கடைசி இரண்டு எழுத்து உட்பட, அரசின் இணையதளத்தில் உள்ளூர் கவுன்சிலைத் தேடும் பக்கத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். சர்ரேயில் இப்போது இரண்டு பெயர் வரும். ஒன்று கவுன்டி கவுன்சில், அது பள்ளிச் சேர்க்கைக்கும் சாலைக்கும். இன்னொன்று பரோ அல்லது மாவட்டக் கவுன்சில், அது குப்பைக்கும் கவுன்சில் வரி வசூலுக்கும். கேடி4 போன்ற இடத்தில் அடுத்த தெருவில் இருப்பவருக்கு வந்த பதிலைக்கூட நம்பாமல், அவரவர் வீட்டுக்குத் தனியாகத் தேட வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, கவுன்சில் வரி எந்தக் கவுன்சிலுக்குப் போகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

இதை இப்போது எழுத இன்னொரு காரணமும் உண்டு. சர்ரேயின் கவுன்டி கவுன்சிலையும் அதன் கீழ் உள்ள 11 கவுன்சில்களையும் எடுத்துவிட்டு, கிழக்கு சர்ரே, மேற்கு சர்ரே என்று இரண்டே கவுன்சில்கள் 2027 ஏப்ரலிலிருந்து நடத்த அரசு முடிவெடுத்திருக்கிறது. கவுன்சில்களின் பெயர் மாறும், ஆனால் அதற்காகப் போஸ்ட்கோட் மாறாது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு எழுத்துகளைப் பார்த்து ஊகிப்பவர்கள் இன்னும் அதிகமாகத் தடுமாறுவார்கள்.

ஆகவே திருத்தத்தை அடுத்த இதழிலேயே போடும்படி கேட்டுக்கொள்கிறேன், ஒரு மூலையில் நாலு வரியாக அல்ல, கட்டுரை வந்த அதே பக்கத்தில். எந்தெந்த ஊர் எந்தக் குறியீட்டில், எந்தக் கவுன்சிலில் வருகிறது என்று சர்ரே முழுவதற்கும் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன். ஜனவரி 15க்கு முன்னால் வந்துவிட்டால், இந்த ஆண்டு பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும் வீடுகளுக்கு உதவும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர்,
லெதர்ஹெட், சர்ரே