எலுமிச்சம்பழம் வைக்கக் குனியும்போது டயரையும் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆயுத பூஜை நெருங்குகிறது, அதன் பின்னாலேயே ஐப்பசி மழையும் வந்துவிடும். அதற்குள் கார் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொண்டு போடுங்கள்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்த வரிசையில் எங்கள் வண்டியும் நின்றது. சிலர் கேலி செய்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனதையும் பார்த்த எங்களுக்கு அதில் கேலிக்கு என்ன இருக்கிறது, மாதத் தவணை கட்டி வாங்கிய வண்டி. ஆனால் நிறுத்திவிட்டுப் பாலத்திலிருந்து நடந்து இறங்கி வரும்போது நின்றிருந்த வண்டிகளின் டயர்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பல வண்டிகளில் டயரின் பக்கவாட்டு ரப்பரில் வரப்பு வெடித்த மாதிரி மெல்லிய கீறல்கள். டயர் செய்த தேதியைப் பார்த்தால் 2016, 2017. வண்டியைத் தண்ணீரிலிருந்து காப்பாற்ற இவ்வளவு பாடுபடும் நாம், அந்த வண்டி நம் வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடும்போது எதன் மேல் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை.

நானும் முன்பு பார்த்ததில்லை. அந்த ஆண்டு ஜனவரியில்தான் கற்றுக்கொண்டேன். பொங்கலுக்குத் திண்டிவனம் பக்கம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான்தான் ஓட்டினேன். வண்டியில் ஐந்து பேர், டிக்கியில் அரிசி மூட்டை, தேங்காய், கரும்பு. அச்சிறுப்பாக்கம் தாண்டியதும் பின்பக்கம் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், வண்டியின் வால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. முன்பு யாரோ சொன்னது ஞாபகம் இருந்ததால் பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைந்த பிறகு இடது ஓரமாக ஒதுக்கினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் வந்த லாரி கொஞ்சம் தள்ளி வந்ததும் எங்கள் நல்ல நேரம்.

பஞ்சர் கடைக்காரரிடம் நான் சண்டைக்குப் போகிற மாதிரிதான் கேட்டேன், இந்த வண்டி மொத்தமே 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, டயரில் பள்ளமெல்லாம் அப்படியே இருக்கிறது, எப்படி வெடிக்கும் என்று. அவர் டயரைத் திருப்பி ஓரத்தில் சின்ன வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டினார். 2316. "தேயலம்மா, காஞ்சு போச்சு" என்றார். 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ஏழரை வருடம் எங்கள் தெருவில் வெயிலிலேயே நின்ற டயர்.

சென்னையில் பெரும்பாலான வீட்டுக் கார்கள் இப்படித்தான். வாரம் பூராவும் தெருவில் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ கல்யாண மண்டபத்துக்கோ போகும். வண்டி அதிகம் ஓடவில்லையே, எதற்குச் செலவு என்று நினைக்கிறோம். டயர், பிரேக் ஆயில், பேட்டரி, வைப்பர் ரப்பர், இந்த நான்குக்கும் கிலோமீட்டர் கணக்கு மட்டும் இல்லை, வயதுக் கணக்கும் உண்டு. ஓடாமல் வெயிலில் நின்றாலும் அவை கெட்டுப்போகும். அப்படிக் கெட்டுப்போனவற்றின் மேல் ஏறிக்கொண்டுதான் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குடும்பத்தோடு ஜி.எஸ்.டி. ரோட்டில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம்.

சரி, டயரை எப்படிப் பார்ப்பது? பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்தான் தேதி. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். சில டயர்களில் இது உள்பக்கமாகத் திரும்பியிருக்கும், அப்போது குனிந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். 5 வருடம் தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டச் சொல்கிறார்கள் டயர் செய்பவர்கள், எவ்வளவு பள்ளம் மிச்சம் இருந்தாலும் 10 வருடத்துக்கு மேல் கூடாது என்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு 10 என்பது மிக அதிகம் என்பது என் எண்ணம், நான் 6 வருடத்தோடு மாற்றிவிடுவேன். பள்ளத்தையும் பாருங்கள், அதன் அடியில் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். டயர் தேய்ந்து அந்த மேடும் மேல்பரப்பும் சமமாகிவிட்டால் மழையில் தண்ணீர் வெளியேற வழியில்லை, டயர் சாலையைத் தொடாமல் தண்ணீர் மேல் மிதக்கும், அந்த நேரத்தில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கேட்காது.

அடுத்தது காற்று. வெயில் காலத்தில் காற்று விரியும், அதனால் இரண்டு பாயின்ட் குறைவாக அடியுங்கள் என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள், என் கணவரும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். இது நேர் எதிரானது, ஆபத்தானது. காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்கிறது, அந்த மடங்கலில்தான் சூடு ஏறுகிறது, சூடு ஏறி உள்ளே இருக்கும் அடுக்குகள் ரப்பரை விட்டுப் பிரிகின்றன, அப்புறம் வெடிக்கிறது. ஓடும்போது காற்று விரியும் என்பதையும் சேர்த்துத்தான் கார் கம்பெனி அளவு சொல்லியிருக்கிறது. அந்த அளவு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும், அல்லது பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். அதில் பெரும்பாலும் இரண்டு கணக்கு இருக்கும், வழக்கமான ஓட்டத்துக்கு ஒன்று, முழு ஆளும் சாமானும் ஏற்றினால் இன்னொன்று. அரிசி மூட்டையோடு வந்த அன்று நான் இந்த இரண்டாவதைப் பார்க்கவே இல்லை. காலையில் வண்டி எடுத்ததும் பக்கத்து பெட்ரோல் பங்கில் டயர் சூடாவதற்கு முன் பாருங்கள், தூரம் ஓடிவிட்டுப் பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. பங்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. நைட்ரஜன் அடித்தால்தான் நல்லது என்று சொன்னாலும் கவலைப்படாதீர்கள், நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம், எங்கள் ஸ்டெப்னியில் அன்று பாதிக் காற்றுதான் இருந்தது.

பிரேக் ஆயிலைப் பற்றி வீடுகளில் யாரும் பேசுவதே இல்லை. அது காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் திரவம், சென்னை மாதிரி கடற்கரை ஊரில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி வேண்டும், ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கலாம். விடுமுறைக்கு ஏலகிரி போய்விட்டு 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூட்டில் ஆயில் கொதித்துக் குமிழி விடும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. பல கார்களின் கையேட்டில் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். சர்வீஸ் விடும்போது "பிரேக் ஆயில் எப்போ மாத்துனீங்க" என்று கேளுங்கள், பில்லில் அது இருக்கிறதா என்று பாருங்கள். மலையில் எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். எங்கள் பகுதித் தண்ணீரில் வாளியே வெள்ளை பூத்துப் போகிறது, இன்ஜினுக்குள்ளும் அதே உப்பு படியும். கேன் தண்ணீரும் பேட்டரிக்கு ஆகாது, அதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். பேட்டரிக்காக வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதில் பலனில்லை, அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். ஓட்டுவதற்கு முன் பானெட்டைத் திறந்து எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், எங்கள் தெருவில் இது இல்லாத வீடு இல்லை. வைப்பர் ரப்பர் கத்தரி வெயிலில் காய்ந்துவிடும், முதல் மழையன்றுதான் கண்ணாடியைக் கீறிக்கொண்டு அது நமக்குத் தெரிகிறது.

மழை என்றதும் இன்னொன்று. டயரில் பாதி உயரத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் இறங்காதீர்கள், சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் முன்னே போகிற வண்டியைப் பார்த்து நம்பிப் போகவே போகாதீர்கள். தண்ணீருக்குள் வண்டி நின்றுபோனால் மறுபடி சாவியைத் திருகக் கூடாது. காற்று மாதிரி தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது, அது சிலிண்டருக்குள் போன நிலையில் ஸ்டார்ட் செய்தால் உள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராட் என்ற தண்டு வளைந்து இன்ஜினே போய்விடும். அப்படி ஸ்டார்ட் செய்து கெடுத்த இன்ஜினுக்குச் சாதாரண இன்சூரன்ஸ் பணம் தராது, அதற்கு இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும், பாலிசியை இப்போதே எடுத்துப் படித்துவிடுங்கள். தண்ணீரைத் தாண்டி வந்துவிட்டால் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை நான்கைந்து முறை லேசாக மிதித்து ஈரம் காய வையுங்கள்.

கடைசியாக, உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி. அன்று அச்சிறுப்பாக்கத்தில் என் மாமியார் பின் சீட்டில் பெல்ட் போடாமல்தான் இருந்தார். "பின்னாடிதானம்மா உக்காந்திருக்கேன், பட்டை எதுக்கு, மூச்சு முட்டுது" என்பார், நானும் பெரியவர் சொல்வதை மறுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. 2022 செப்டம்பர் 4ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது பின் சீட்டில்தான், பெல்ட் இல்லாமல்தான். பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம், பின் சீட்டுக்கும் அது உண்டு. ஆனால் அபராதத்தைச் சொல்லி என் மாமியார் சம்மதிக்கவில்லை. "நீங்க முன்னாடி வந்து விழுந்தா முன் சீட்டுல இருக்குற பேரனுக்குத்தான் அடி" என்று சொன்ன பிறகு அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருவதையும் நிறுத்துங்கள், ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்தில் அடித்துக்கொண்டு வரும், குழந்தை தாங்காது. அதே காரணத்துக்காக, டேஷ்போர்டில் ஏர்பேக் என்று எழுதியிருக்கும் மூடியின் மேல் பிள்ளையாரை ஒட்டி வைத்திருந்தால் அங்கிருந்து நடுப்பக்கமாக மாற்றி வையுங்கள். சாமி வண்டியில் இருக்கட்டும், ஏர்பேக் திறக்கும் வழியில் வேண்டாம். சீட் ஓரத்திலேயே ஏர்பேக் இருக்கும் வண்டிகளுக்குக் கண்ட கவரைப் போட்டுத் தைத்து மூடிவிடாதீர்கள்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள், ஆயுத பூஜை இதழில் பொரி, கடலை, பூ விலை போடும் பக்கத்தில் இதையும் ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். டயரின் அந்த நான்கு எண்களைப் படம் பிடித்துப் போட்டால் இன்னும் நல்லது, எங்கே பார்ப்பது என்று தெரியாமல்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு எல்லோரும் வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கக் குனியத்தான் போகிறோம். குனிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அந்த எண்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் இந்த முறை ஐந்து பழம் வாங்குகிறேன், ஐந்தாவது டிக்கிக்குள் இருக்கும் ஸ்டெப்னிக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை