சிரிப்பு வாயுவும் மார்ஃபின் மாத்திரையும்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி பகுதிகளில் புற்றுநோய் வலிக்காக வீட்டிலேயே மார்ஃபின் மாத்திரை கொடுத்துவரும் குடும்பத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

பல் எடுக்கும்போதும் பிரசவ வலியின்போதும் தரப்படும் நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயு, ஆக்சிஜன் கலந்து முறையான கண்காணிப்பில் தரப்பட்டால் பெரும்பாலும் பாதுகாப்பானதே. ஆனால் மார்ஃபின், அதே வகை வலி மருந்துகளான டிரமடால், டேபெண்டடால், கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றில் எதையேனும் உட்கொண்டவருக்கு அதைத் தரும்போது, இரண்டும் சேர்ந்து மயக்கத்தை ஆழமாக்கி மூச்சைத் தளரச் செய்துவிடக்கூடும். ஆக்சிஜன் குறையும்போது மூச்சை வேகப்படுத்தும் உடலின் இயல்பான எச்சரிக்கையையும் இவை மழுங்கடிக்கின்றன என்பதே என்னை மிகவும் அச்சுறுத்துகிறது. அரைமயக்கத்தில் வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கவும் கூடும். இந்த வாயுவைப் பலூனில் அடைத்துப் போதைக்காக இழுப்பவர்களுக்கு, ஆக்சிஜனே கலக்காததால் ஆபத்து இன்னும் அதிகம்.

சென்ற மாதம் என் மாமனாருக்குப் பல் எடுக்கச் சென்றபோது, மூக்கில் மாஸ்க்கைப் பொருத்தும் நேரத்தில்தான் என் பையிலிருந்த மாத்திரை அட்டை நினைவுக்கு வந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்த மருத்துவர், வாயுவைத் தவிர்த்துவிட்டு, ஈறு மரத்துப்போகும் ஊசியை மட்டும் போட்டார். எனவே அட்டையையே கையோடு எடுத்துச் செல்லுங்கள். பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

எவரேனும் தட்டியும் விழிக்காமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்திருந்தால், ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐ அழையுங்கள். நலோக்சோன் ஊசி மார்ஃபின் வகை மருந்துகளை முறிக்குமே தவிர வாயுவின் மயக்கத்தைப் போக்காது என்பதால், எவையெல்லாம் உள்ளே சென்றன என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.