மூடாத சாபாகோ: மாற்றுப் பொருளோ பணமோ கோரிப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சாபாகோ தேநீர்ப் பெட்டித் தொகுப்பில் அளவுப் பொருத்தமின்மை, விடுபட்ட பாகங்கள்

ஐயா / அம்மா,

எங்கள் ஜப்பானியத் தேநீர்ப் பயிற்சிக் குழுவுக்காக உங்களிடம் வாங்கிய சாபாகோவை (தேநீர்ச் சடங்குப் பொருள்களை அடுக்கி எடுத்துச் செல்லும் சிறு பெட்டி) பயன்படுத்த முடியவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் பொருள்கள் மோசமில்லை. ஆனால் சாபாகோவில் ஒன்றின் அளவு மற்றொன்றைப் பொறுத்தது. கிண்ணத்துக்குள் நாட்சுமே (தேயிலைத் தூள் சிமிழ்) உட்கார வேண்டும். பக்கத்தில் கடைகோலும் துடைக்கும் துணியும் வைக்கும் குழல்கள் நிற்க வேண்டும். அதற்குமேல் மூடி படிய வேண்டும். நீங்கள் அனுப்பியிருப்பது நடுத்தர அளவு நாட்சுமே. அதன் துணிப்பையோடு கிண்ணத்தில் வைத்தால் மொத்த உயரம் 10.8 செ.மீ., பெட்டியின் உட்புற உயரமோ 10.1 செ.மீ. மூடி 7 மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கிறது. இதற்குச் சிறிய நாட்சுமேதான் வேண்டும்.

சாசென் (தேநீர் கலக்கும் கடைகோல்) இன்னும் மோசம். வீட்டில் பயன்படுத்தும் முழு அளவு மூங்கில் கடைகோலை, பயணத்துக்கான குறுகிய குழலில் திணித்து அனுப்பியிருக்கிறீர்கள். வெளிவரிசை நார்கள் குழலின் சுவரில் உரசி மடங்கிவிட்டன, மூன்று நார்கள் அடியிலேயே பிளந்திருக்கின்றன. லேசான வளைவு என்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்தால் நிமிர்ந்துவிடும். பிளந்த நார் தேநீரில் உதிரும், அந்தக் கோலைக் கொண்டு யாருக்கும் கலக்கிக் கொடுக்க முடியாது.

கிண்ணம் துடைக்கும் சாகின் துணி நனைத்து, பிழிந்து, மடித்து வைக்கப்படுவது. அதனால்தான் அதன் குழல் பெரும்பாலும் பீங்கானில் இருக்கும். நீங்கள் தந்தது பூச்சில்லாத மரக்குழல். ஈரம் இறங்கி உள்ளே கருப்புப் பூஞ்சை பிடித்துவிட்டது. துணியும் சணல்நார் அல்ல, பாலியெஸ்டர். நீரை உறிஞ்சாமல் கிண்ணத்தில் தள்ளிக்கொண்டே போகிறது.

ஃபுரிதாஷியின் (சிறு மிட்டாய்க் குப்பி) வாயில் மெருகுப் பூச்சு திரண்டு, சிறிய கொம்பெய்தோ மிட்டாய்கூட வெளியே விழவில்லை.

விளம்பரத்தில் "நிலா முறைக்கும் ஏற்றது" என்று எழுதியிருக்கிறீர்கள். உராசென்கே என்ற ஜப்பானியத் தேநீர் மரபின் 11ஆம் தலைவர் கெங்கென்சாய், சாபாகோவைக் கொண்டு தேநீர் தயாரிக்க வகுத்த பனி, நிலா, மலர் முறைகளில், நிலா முறைக்குப் பெட்டிக்குள் பொருந்தும் ககேகோ தட்டும், பொருள்களை வைப்பதற்கான, கயிற்றால் கோத்து மடிக்கும் நான்கு பலகைக் கிஸுயேயும் வேண்டும். இரண்டுமே தொகுப்பில் இல்லை. இந்த வாசகத்தை நம்பித்தான் இந்த விலை கொடுத்தோம்.

சிறிய நாட்சுமே, குழலுக்கேற்ற சாசென், பீங்கான் சாகின் குழல், சணல்நார்த் துணி, சரியான ஃபுரிதாஷி, ககேகோ, கிஸுயே ஆகியவற்றை 15 நாட்களுக்குள் அனுப்புங்கள். அனுப்பும் முன் எல்லாவற்றையும் இதே அளவுப் பெட்டியில் அடுக்கி, மூடி படிகிறதா என்று பாருங்கள். முடியாதென்றால் முழுத் தொகையையும் திருப்பித் தந்து, பெட்டியை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் விளம்பரத்திலுள்ள "நிலா முறை" வாசகத்தை உடனே நீக்க வேண்டும்.

அளவுகோல் வைத்து எடுத்த படங்களும் ரசீது நகலும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
பயிற்சிக் குழுவினர்