யார் பட்டா என்று கேட்ட மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

நீங்களும் அத்தையும் திருச்சி போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. ஃபோனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு நிமிடத்தில் அத்தையிடம் கொடுத்துவிடுகிறீர்கள். எழுதினால்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படிப்பீர்கள். அதனால் என் வலைப்பதிவிலேயே எழுதிவிட்டேன். நியூஜெர்சிக்கு ஆறு மாதம் வந்து போகும் எல்லா அப்பாக்களும் மாமாக்களும் ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நாலு பேர் படிக்கட்டும்.

ஹில்ஸ்பரோ பக்கம் போய்க்கொண்டிருந்தபோது கார் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டீர்களே, "இது யார் பட்டா? இவ்வளவு நிலத்தைப் பிளாட் போடாம ஏன் சும்மா விட்டு வச்சிருக்காங்க?" முப்பது வருடம் சங்கிலி பிடித்து நிலம் அளந்த சர்வேயர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? நான் "பார்க் மாதிரி, மாமா" என்று மழுப்பினேன். "ஆளே இல்லாத பார்க்கா?" என்று சிரித்தீர்கள். அன்று எனக்கும் பாதிதான் தெரியும். இப்போது கொஞ்சம் படித்துவிட்டேன்.

முதலில் ஒரு கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். 2020 கணக்கெடுப்பின்படி நியூஜெர்சியில் 488 பேர். பெரிய வித்தியாசம் இல்லை, பார்த்தீர்களா? அமெரிக்காவின் 50 மாநிலங்களில் மிக நெருக்கமானது இதுதான். 92 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனம். இந்தப் பக்கம் நியூயார்க், அந்தப் பக்கம் ஃபிலடெல்ஃபியா, நடுவில் மாட்டிக்கொண்ட நிலம். அப்படிப்பட்ட இடத்தில் சோளக்காடு சோளக்காடாகவே இருக்கிறதென்றால் யாரோ வேலை மெனக்கெட்டு அப்படி வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

நீங்கள் பார்த்த அந்த வயல் விவசாயியின் பெயரில்தான் இருக்கிறது. அவர் உழலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். மனை மட்டும் போட முடியாது. மனை போடும் உரிமையைத் தனியாகப் பிரித்து, அதற்கு ஒரு விலை வைத்து, பொதுப்பணத்தில் வாங்கிவிட்டார்கள். 1980-களின் தொடக்கத்திலிருந்து இப்படி 2 லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார்கள். நாளைக்கு யார் கைக்கு மாறினாலும் அந்த நிபந்தனை பத்திரத்தோடு கூடவே போகும். இதைச் சொன்னால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள் என்று எனக்குத் தெரியும். நிலம் ஒருவரிடம், நிலத்தைப் பிளாட்டாக்கும் உரிமை இன்னொருவரிடம்! நம் ஊர்ப் பத்திர எழுத்தரிடம் இதை விளக்குவதற்குள் டீ ஆறிவிடும்.

பூங்காக்களின் கதை அதற்கு முந்தியது. 1950-க்கும் 1960-க்கும் நடுவில் இந்த மாநிலத்தில் 12 லட்சம் பேர் கூடிவிட்டார்கள். போர் முடிந்து திரும்பியவர்களுக்கு வீடு, வீட்டுக்குக் கார், காருக்கு நெடுஞ்சாலை என்று தோட்டங்கள் எல்லாம் கரைந்துகொண்டே வந்தன. ராபர்ட் மேய்னர் கவர்னராக இருந்த 1961-இல் கிரீன் ஏக்கர்ஸ் என்று ஒரு திட்டம் போட்டு, பூங்காவுக்கும் காட்டுக்கும் நிலம் வாங்க 6 கோடி டாலர் கடன் வாங்கலாமா என்று மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். மக்கள் சரி என்றார்கள். அதற்குப் பிறகு இந்தத் திட்டத்துக்காக எத்தனை முறை கடன்பத்திரக் கேள்வி வாக்குச்சீட்டில் வந்ததோ அத்தனை முறையும் சரி என்றே சொல்லியிருக்கிறார்கள். 1998-இல் விற்பனை வரியிலிருந்தும், 2014-இல் கம்பெனிகள் கட்டும் வரியிலிருந்தும் இதற்கென்று ஒரு பங்கை ஒதுக்க மாநில அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். வரி என்றால் முகம் சுளிக்கும் ஊர் மாமா இது. வீட்டு வரியில் நாட்டிலேயே முதலிடம். அந்த ஆட்கள்தான் இதற்கு மட்டும் கையை நீட்டுகிறார்கள்.

எல்லாமே அரசாங்கம் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1959-இல் கிரேட் ஸ்வாம்ப் என்ற சதுப்பு நிலத்தில் பெரிய விமான நிலையம் கட்டத் திட்டம் வந்தபோது, சுற்றுவட்டார ஆட்கள் வசூல் செய்து ஏறத்தாழ 3,000 ஏக்கரை வாங்கி மத்திய அரசுக்குக் கொடுத்துவிட்டார்கள், பறவைகளுக்காக. அங்கே உங்களைக் கூட்டிப் போக முடியவில்லை. அடுத்த முறை.

லிபர்ட்டி ஸ்டேட் பார்க்குக்குக் கூட்டிப் போனோமே, அந்த இடத்தின் கதையைத்தான் அன்றே சொல்லியிருக்க வேண்டும். "இவ்வளவு தூரம் வந்தா இந்தம்மா முதுகைத்தான் காட்டுறாங்க" என்று சுதந்திர தேவியைப் பார்த்துச் சொன்னீர்கள். ஜெர்சி கரைக்கு அவள் முதுகுதான். ஆனால் அந்த முதுகு எவ்வளவு கிட்டத்தில் இருந்தது! அந்தக் கிட்டத்துக்காக ஒருவர் துடுப்புப் போட்டிருக்கிறார். மாரிஸ் பெசின் என்று ஜெர்சி சிட்டியில் துணிக்கடை வைத்திருந்தவர். 1957-இல் குடும்பத்தோடு சிலையைப் பார்க்கக் கிளம்பினால் நியூயார்க் சுற்றிப் போய்ச் சேர மூன்று மணி நேரம் பிடித்ததாம். எதிரே நிற்கும் சிலைக்கு மூன்று மணி நேரம்! நடுவில் இருந்ததெல்லாம் பாழடைந்து வந்த ரயில்வே யார்டும் குப்பை கொட்டும் கரையும். மனுஷன் 1958-இல் ஒரு பத்திரிகையாளரையும் ஏற்றிக்கொண்டு சின்னப் படகில் துடுப்புப் போட்டுப் போனார். எட்டு நிமிடத்தில் சிலை. அதிலிருந்து 18 வருடம் நடையாய் நடந்துதான் 1976 ஜூன் 14 அன்று பூங்கா திறந்தது. 1,200 ஏக்கர். அவ்வளவும் முழுதாகக் கைக்கு வந்துவிடவில்லை. ரயில்வே காலத்து நச்சு மண் என்பதால் உள்ளே 200 ஏக்கருக்கு மேல் பல பத்தாண்டுகள் வேலிக்குள்ளேயே கிடந்தது. கோல்ஃப் மைதானம், சொகுசுப் படகுத்துறை என்று ஆள் மாற்றி ஆள் கேட்டு வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஜனம் திரண்டு வந்து துரத்துகிறது. நீங்கள் உட்கார்ந்து அத்தை கொண்டுவந்த புளிசாதத்தைச் சாப்பிட்ட அந்தப் புல்வெளி அப்படிக் காப்பாற்றியது.

எனக்கு இதன் அருமை புத்தகம் படித்துத் தெரியவில்லை. கொரோனா வந்த 2020-இல் ஏப்ரல் 7 அன்று மாநிலப் பூங்கா, கவுண்டிப் பூங்கா (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். அப்போது நாங்கள் எடிசனில் இரண்டாம் மாடி அபார்ட்மெண்டில் இருந்தோம், உங்கள் பேரனுக்கு இரண்டு வயது. மே 2 அன்று திறக்கும்வரை அவன் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் மறக்க மாட்டேன். தோட்டம் வைத்த வீட்டுக்காரர்களுக்கு அது ஒரு செய்தி. எங்களைப் போன்றவர்களுக்கு ரூஸ்வெல்ட் பார்க்தான் கொல்லைப்புறம், அதைப் பூட்டிவிட்டார்கள்.

சரி, குறையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் மருமகள் அமெரிக்கப் பெருமை பேசுகிறாள் என்பீர்கள். கடற்கரைக்குப் போனபோது வாசலில் பணம் கட்டி பேட்ஜ் வாங்கியதைப் பார்த்து, "கடலுக்கு டிக்கெட்டா? மெரினாவுல எவன்டா டிக்கெட் கேட்டான்?" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. பிராட்லி பீச் என்ற ஊர் 1929-இல் ஆரம்பித்து வைத்த பழக்கம். 1972-இல் ஒரு வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், கட்டணம் வாங்கலாம், ஆனால் உள்ளூர்க்காரனுக்கு ஒரு விலை வெளியூர்க்காரனுக்கு ஒரு விலை என்று வைக்கக்கூடாது, கடல் எல்லோருக்கும் பொது என்று சொல்லிவிட்டது. அதனால்தான் நமக்கும் அதே விலை. அட்லாண்டிக் சிட்டியிலும் வைல்ட்வுட்டிலும் இன்றும் இலவசம், அடுத்த முறை அங்கேதான். கோடைக்கால வாரக்கடைசியில் ஏரி வைத்த மாநிலப் பூங்காக்கள் காலையிலேயே நிரம்பி வாசலை அடைத்துவிடுகிறார்கள். போன வருடம் இட்லி மூட்டையோடு போய் அப்படித் திரும்பியிருக்கிறோம்.

அப்புறம் நீங்கள் நடக்கப் போன அந்தப் பூங்கா. குளிர் வந்தால் கழிப்பறையைப் பூட்டிவிடுகிறார்கள். சர்க்கரை உள்ள மனிதர் நாற்பது நிமிடம் நடக்க வேண்டுமென்றால் என்ன செய்வார்? நீங்கள் சொல்லவில்லை, அத்தைதான் சொன்னார், அதற்காகவே கடைசி இரண்டு வாரம் நடையை நிறுத்திவிட்டீர்கள் என்று. நிலம் வாங்கப் பணம் கிடைக்கிறது. பூட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கச் சம்பளத்துக்கு ஆள் வைக்கப் பணம் கிடைப்பதில்லை. பூங்காவுக்கு நடந்து போக நடைபாதை கிடையாது, நடப்பதற்குக் காரில் போக வேண்டும்! நிழலில் ஒரு பெஞ்சு இல்லை. டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடும் பையன்களை பேஸ்பால் மைதானத்தின் ஓரத்திலிருந்தும் கிளப்பிவிடுகிறார்கள். இதையெல்லாம் எழுதி டவுன்ஷிப், அதாவது ஊர் நிர்வாகம், நடத்தும் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசினேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. தலையாட்டினார்கள். பூட்டு அப்படியேதான் இருக்கிறது.

இருந்தும் இந்த நவம்பரில், குடியுரிமை வாங்கிய பிறகு வந்த முதல் தேர்தலில், நான் பூங்கா வரிக்குச் சரி என்றே வாக்களித்தேன். அந்த வரியை இங்கே சென்ட் கணக்கில்தான் சொல்வார்கள். வீட்டின் மதிப்பில் நூறு டாலருக்கு ஒரு சென்ட். "ஒரு சென்ட் கூட்டப் போறாங்களாம்" என்று உங்கள் பிள்ளை சொன்னதும் உங்கள் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். நீங்களாக இருந்தால் "435.6 சதுர அடியா?" என்று கேட்டிருப்பீர்கள். 4 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 40 டாலர் வரும். உங்கள் பிள்ளை வேண்டாம் என்று போட்டார். ஏற்கெனவே கட்டுகிற வரி போதாதா என்பது அவர் கட்சி, அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டில் ஒன்றுக்கொன்று கழிந்துபோனது. ஊரில் ஜெயித்துவிட்டது.

நான் ஏன் சரி என்றேன் தெரியுமா? ஒரு ஊர் கிரீன் ஏக்கர்ஸ் பணம் ஒரு தடவை வாங்கிவிட்டால், அந்தப் பணத்தில் வாங்கிய நிலம் மட்டுமல்ல, அப்போது அந்த ஊர் பூங்காவாக வைத்திருக்கும் அத்தனை நிலமும் பட்டியலில் ஏறிப் பூட்டுப்பட்டுவிடும். பிறகு அதில் ஒரு மூலையைப் பள்ளிக்கூடத்துக்கோ தண்ணீர்த் தொட்டிக்கோ எடுப்பதென்றாலும் மாநில அரசிடம் போய் நின்று, பொதுக்கூட்டம் வைத்து, ஈடாக வேறு நிலமோ பணமோ கொடுக்க வேண்டும். கழிப்பறைப் பூட்டை நாளைக்குத் திறக்க வைத்துவிடலாம். நிலம் போனால் போனதுதான்.

நம் ஊரிலும் சட்டம் இல்லாமல் இல்லை. பெரிய மனைப்பிரிவு போட்டால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கு ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்திருந்த இடத்தை அளக்கப் போனால் அங்கே மாடி வீடு நின்றது, வீட்டுக்காரரே மோர் கொடுத்து உட்காரவைத்தார் என்ற கதையையும் சொன்னீர்கள். அன்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். திருச்சியில் நம் மனைக்கு எதிரே கருவேலம் மண்டிய ஒரு துண்டு கிடக்கிறதே, வாங்கும்போது புரோக்கர் "இது பார்க் சார், உங்களுக்கு எப்பவும் காத்து வரும்" என்று காட்டியது. அந்த இடத்துக்கு ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். தானப்பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று தெரிய வேண்டும். பதிவாகியிருந்தால் நகல் எடுத்து வையுங்கள். பதிவாகவில்லை என்றால் உடனே ஃபோன் செய்யுங்கள், இந்த முறை அத்தையிடம் கொடுக்காமல்.

அன்புடன்,
உங்கள் மருமகள்