செயலாளரின் ஆண்டறிக்கை – குடியிருப்போர் நலச்சங்கம், காரைக்குடி

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. பொங்கல் விளையாட்டுப் போட்டி, கண் சிகிச்சை முகாம், கொடியேற்றம் வழக்கம்போல நடந்தன. தெருவிளக்கு மனு நிலுவையில் இருக்கிறது.

இனி, கல்வி நிதி. குப்பை, தண்ணீர் பார்க்க வேண்டிய சங்கம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஏன் பணம் கட்டுகிறது என்று சிலர் என்னிடம் கேட்டீர்கள். நாம் இருப்பது எந்த ஊர்? 1947இல் ஒரு கூட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார், வசதியுள்ளவர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று கேட்டார். அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் தொடங்குவதாக அறிவித்தார். அந்த ஆண்டே கல்லூரி நடந்தது. அப்புறம் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அவர் லண்டன் வரை போய்ப் படித்தவர். மதுரைக்கோ திருச்சிக்கோ பிள்ளையை அனுப்ப முடியாத வீடுகளை நினைத்துத்தான் கொடுத்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.

கல்லூரி பக்கத்தில் வந்துவிட்டது, சரி. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. ஆனால் அது கைக்கு வருமுன்னே சேர்க்கைக் கட்டணம் கட்டியாக வேண்டும். அந்த ஒரு வாரத்தில்தான் பிள்ளை ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடுகிறது. இந்த ஆண்டு நான்கு பேருக்குக் கட்டினோம். ஒரு மாணவிக்குக் கடைசி நாள் மாலை வரை நிதியில் பணம் சேரவில்லை. என் கைப்பணத்தைப் போட்டுக் கட்டினேன். இன்று அவள் இயற்பியல் முதலாண்டு படிக்கிறாள்.

சென்ற பொதுக்குழுவில் நிதி தருவதாகக் கை தூக்கியவர்கள் 31 பேர். தந்தவர்கள் 12 பேர். இரண்டு ஆண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றும் வரவில்லை. வந்திருக்கும் உங்களிடம் இதைச் சொல்வது எனக்கே சங்கடம்தான். அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் நீங்கள். ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செலவு போகக் கொஞ்சம் கையிருப்பு உண்டு. இடம் தந்த பள்ளிக்கும், தணிக்கை செய்தவருக்கும், பந்தல் போட்ட இளைஞர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நம் தெருக்களில் ஐந்து பிள்ளைகள் பிளஸ் டூ எழுதுகிறார்கள். மூன்று வீடுகளில் இப்போதே கேட்டுவிட்டார்கள். நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ரசீதுப் புத்தகம் தினமும் மாலை ஆறு மணிக்குப் படிப்பகத்தில் என்னிடம் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்