தோட்டத்தையும் கிணற்றையும் திறந்துவிட்ட வலிகாமத்தாருக்கு நன்றி மடல்

அன்பார்ந்த தோட்டக்கார ஐயாமாருக்கும் வளவுக்கார அம்மாமாருக்கும் வணக்கம்.

புவிப்பௌதிகம் படிக்கும் பிள்ளைகள் உங்கள் காணிகளில் செய்த நிலத்தடித் தடைத்திறன் அளவைப் பயிற்சி நல்லபடி முடிந்தது. நிலத்துக்கடியில் உள்ள மண்ணும் கல்லும் நீரும் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கின்றன என்று பார்ப்பதே அது. நீங்கள் செய்த உதவிகளால் அளவீட்டில் எந்தப் பிழை நேராமல் போனது என்பதையும் சொல்லி நன்றி கூறுவதுதான் முறை.

இறைப்பு நாளில் மோட்டரை நிறுத்தி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது வெங்காயம் வைத்தவருக்குத்தான் தெரியும். அதைக் கேட்டதும் செய்தீர்கள். இரண்டு இரும்புக் கூர்களால் மின்னோட்டத்தை நிலத்துக்குள் விட்டு, அவற்றின் நடுவே உள்ள வேறு இரண்டு கூர்களுக்கிடையில் வோல்ற்றளவைப் பார்ப்பதே இந்த முறை. வெளிக்கூர்கள் மையத்திலிருந்து 100 மீற்றர் தள்ளியும், உட்கூர்களுக்கு இடைவெளி 20 மீற்றராகவும் இருக்கட்டும். 100 மில்லியம்பியர் விட்டால், தோற்றத் தடைத்திறன் (கீழுள்ள நிலம் முழுவதுக்குமாக மேலிருந்து தெரியும் தடைத்திறன்) 5 ஓம் மீற்றராக உள்ள உவர் நிலத்தில் கிடைப்பது ஏறக்குறைய 0.3 மில்லிவோல்ற்று மட்டுமே. பக்கத்து மோட்டரின் மின்கசிவு அதை அப்படியே விழுங்கிவிடும். மின்னோட்டத்தைத் திசைமாற்றித் திருப்பித் திருப்பி வாசித்தும் அளவு ஒத்து வந்ததென்றால், அதற்கு நீங்கள் தந்த அந்த அமைதியே காரணம்.

நேர்கோட்டில் 200 மீற்றர் நிலம் வேண்டும். வேலிக்கு வேலி அடைத்த நம் ஊரில் அது இலேசில் கிடைக்காது. வேலிப் பொட்டால் வயரை இழுக்க விட்டவர்களுக்கும், முட்கம்பி வேலியை ஒட்டி ஓடிய கோட்டை வேலிக்குக் குறுக்காகத் திருப்ப இடம் தந்தவர்களுக்கும் நன்றி. மின்னோட்டம் கம்பி வழியே ஓடிவிட்டால், கூர்களைத் தள்ளித் தள்ளி எடுத்த அளவுகளை வைத்து வரையும் வளைகோட்டில், பாறையின் தடைத்திறனுக்குப் பதில் வேலியின் கதைதான் வரும். வயரில் சில நூறு வோல்ற்று வரை ஏறக்கூடும் என்பதால், ஒழுங்கை முகப்பில் நின்று ஆடு மாடுகளையும் சைக்கிள்காரரையும் மறித்த தம்பிமாரை மறக்க முடியாது. கூர் அடிக்க முன்னர், கண்ணிவெடி அகற்றி உறுதிசெய்த காணி எது என்று ஒவ்வொன்றாகக் காட்டித்தந்த கிராம அலுவலருக்குத் தனி நன்றி. இந்த மண்ணில் அது தெரியாமல் அலவாங்கைத் தூக்கக்கூடாது.

காய்ந்த செம்மண்ணில் கூர் சரியாகப் பிடிக்காது. வாளி வாளியாகத் தண்ணீர் தந்தீர்கள். பாதையோரத்தில் மட்டும் உப்புக் கரைத்து ஊற்றினோம்; பயிர்ப் பாத்தியில் வெறும் தண்ணீரில் மண்ணைக் குழைத்துக் கூரைச் சுற்றி அமுக்கினோம். ஒரு சாணுக்குள் கல்லுத் தட்டிய இடங்களில் மூன்று நான்கு கூர்களை ஒரே வயரில் இணைக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் பெறுமதியானது, கிணறு வெட்டிய பெரியவர்கள் சொல்லித்தந்த விவரம். 5 ஓம் மீற்றர் உள்ள 10 மீற்றர் தடிப்பான நிலப்படையும், 10 ஓம் மீற்றர் உள்ள 20 மீற்றர் தடிப்பான படையும் கூடிய தடைத்திறன் கொண்ட படைகளின் இடையே கிடந்தால், வளைகோட்டில் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். களியும் உவர்நீரும்கூட அப்படித்தான் ஒன்றையொன்று போலக் காட்டும். எத்தனை முழத்தில் கல், எங்கே பொந்து, எந்த ஆழத்தில் தண்ணீர் உவர்த்தது என்று நீங்கள் சொன்ன பிறகே எங்கள் படைகளுக்கு ஆழம் குறிக்க முடிந்தது. விடியலில், மோட்டர் போட முன்னர், தண்ணீரின் உவரைக் காட்டும் கடத்துதிறன் மானியை மீற்றர் மீற்றராக இறக்கவும் விட்டீர்கள். இறைத்த பிறகு இறக்கினால் மேல்நீரும் கீழ்நீரும் கலந்திருக்கும், வேறுபாடு பிடிபடாது.

நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர் என்பது ஊரறிந்த விடயம். குடாநாட்டின் மயோசீன் காலச் சுண்ணக்கல்லுக்குள்ளும் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்தே நிற்கிறது. கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கும். நீர்மட்டம் அரை மீற்றர் இறங்கி அப்படியே நின்றுவிட்டால், உவர் எல்லை காலப்போக்கில் 20 மீற்றர் மேலேறப் பார்க்கும். வெடிப்பும் பொந்தும் உள்ள கல்லில் அது இன்னும் கெதியாக, இடத்துக்கிடம் வேறாக நடக்கும். ஆகவே தண்ணீர் குறைகிறதென்று கிணற்றை ஆழமாக்கவோ குழாய்க்கிணறு இறக்கவோ வேண்டாம் என்று அன்போடு கேட்கிறோம். ஒரே மூச்சில் இறைக்காமல், விட்டு விட்டு இறையுங்கள்.

உங்கள் கிணற்றின் ஆழவாரியான அளவுகளைத் தனித்தாளில் எழுதிக் கிராம அலுவலரிடம் கொடுத்திருக்கிறோம். இரும்புக் கூர்கள் எல்லாவற்றையும் எண்ணி எடுத்துவிட்டோம். மையம் குறித்த மரக்குச்சிகள் சில மட்டும் சிவப்பு நாடாவோடு நிற்கின்றன; உழும்போது தடக்கினால் பிடுங்கிப் போட்டுவிடுங்கள்.

நன்றியுடன்,
களப்பயிற்சி ஆசிரியர்களும் மாணவர்களும்
யாழ்ப்பாணம்