உன் டைவ் கம்ப்யூட்டர் என்னிடம்தான் இருக்கிறது

மாப்ள,

மாசி மகம் வந்தாலே உன் ஞாபகம் வந்துவிடுகிறது. கும்பகோணத்துக்காரனுக்கு வரவேண்டிய ஞாபகமா இது? 2016 பிப்ரவரி 22, அம்மா ஃபோனில் மகாமகக் குளத்தில் இடிபட்டுக் குளித்துவிட்டு வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் கரீபியன் கடலில் லிட்டில் கேமன் தீவில் டைவ் உடையான வெட்சூட்டைப் பாதி மாட்டிக்கொண்டு "நாங்களும் முங்கத்தாம்மா போறோம்" என்கிறேன், நீ பின்னால் நின்று சிரிக்கிறாய். பத்து வருஷம் ஆயிற்று. அடுத்த மகாமகமே 2028இல் வந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு பொருளை உன்னிடம் சேர்த்துவிட வேண்டும் என்று போன வாரம் முடிவெடுத்தேன்.

கடலுக்குள் போன ஆழத்தையும் நேரத்தையும் குறித்துவைக்கும் உன் டைவ் கம்ப்யூட்டர் தொலையவே இல்லை. ரிசார்ட்டுக்கு மெயில் மேல் மெயில் போட்டாயே, பாவம், அவர்கள் அறை முழுக்கத் தேடியிருப்பார்கள். அது என் மேஜை டிராயரில் இருக்கிறது.

எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் அந்தச் சுவரைச் சொல்லியாக வேண்டும். கடலுக்கடியில் அந்த பிளடி பே பவளச் சுவரை நீயும் பார்த்தவன்தான், ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து பார்க்கவில்லை.

எனக்கு மேலே இருபதடி ஆழத்தில் பவளத் திட்டு சட்டென்று முடிந்து செங்குத்தாக இறங்குகிறது, கீழே ஆயிரம் அடிக்கும் மேல் வெறும் நீலம். நான் 90 அடியில் மிதக்கிறேன். ஒரு களவா மீன் நாய்க்குட்டி மாதிரி என் முழங்கையை உரசிக்கொண்டே வருகிறது. குளிர்காலப் பௌர்ணமியை ஒட்டி அந்தக் களவாக்கள் தீவின் மேற்கு முனையில் முட்டையிட ஆயிரக்கணக்கில் வந்து கூடும் என்று படகில் சொன்னார்கள் இல்லையா, அன்றைக்குப் பௌர்ணமி, இது மட்டும் ஏன் போகாமல் என்னோடு சுற்றுகிறது என்று யோசித்துக்கொண்டே திரும்பினால் நீ பக்கத்தில் இல்லை. குனிந்து பார்த்தேன். உன் காலில் மாட்டிய மஞ்சள் ஃபின் எனக்கு நேர் கீழே, போய்க்கொண்டே இருக்கிறது. கத்திப் பிடியால் சிலிண்டரைத் தட்டினேன். தண்ணீருக்குள் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது, ஆனாலும் நீ சரியாக மேலே, என்னைத்தான் பார்த்தாய். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினாய். ஓகே. அப்புறம் தலையைத் திருப்பிக்கொண்டு இன்னும் இறங்கினாய். நான் நாற்பதுவரை எண்ணினேன். உன் ஃபின் எலுமிச்சை விதை அளவுக்குச் சிறுத்துவிட்டது. நீ விட்ட குமிழ்கள் மட்டும் மேலே வர வரப் பெருத்து என் முகத்தில் மோதிப் போயின.

நான் இறங்கவில்லை.

சிலிண்டரில் மீதிக் காற்றைக் காட்டும் என் கேஜில் 1100 பிஎஸ்ஐதான் இருந்தது, இறங்கியிருந்தால் இரண்டு பேருக்கும் காற்று போதாது, டைவ் கற்றுக்கொடுக்கும்போதே இதைச் சொல்லித்தருவார்கள். இப்படிப் பத்து வருஷமாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், எல்லாரும் நீ செய்ததுதான் சரி என்றார்கள். ஆனால் கேஜைப் பார்த்தது அப்புறம்தான் மாப்ள. முதலில் பயம் வந்தது. கேஜ் பிறகு கிடைத்த சாக்கு.

முந்தின இரவு படகுத்துறையில் உட்கார்ந்து நீ சொன்னதை இங்கே எழுத மாட்டேன். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு, பெயர் போடாவிட்டாலும், உன்னைத் தெரியும். அந்தப் பேச்சுக்கும் மறுநாள் நீ இறங்கியதற்கும் சம்பந்தமே இல்லை, அந்த ஆழத்தில் நைட்ரஜன் யாருக்கும் தலைக்கேறும், போதையில் ஓகே காட்டினாய், அவ்வளவுதான் என்று நீ சொன்னால் நம்பிக்கொள்கிறேன். இன்றுவரை நீ சொல்லவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு ஊஞ்சல் படுக்கையில் கிடந்தபடி வலது கையை உதறிக்கொண்டே இருந்தாய். "தூங்கறப்ப அடியில மாட்டியிருக்கும், மரத்துப் போச்சு. யார்ட்டயும் உளறாத." காது வலி என்று இரண்டாவது டைவுக்கு வராதவன் நீ. ஆழத்திலிருந்து நிற்காமல் மேலே வந்தால் உடம்பில் நைட்ரஜன் குமிழ்விட்டு இப்படித்தான் மரத்துப்போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் சொன்னது ராத்திரி எட்டு மணிக்கு. தீவின் அந்தப் புல்தரை ஓடுதளத்தில் இருட்டிய பிறகு விமானம் வர வழியில்லை. இரண்டு மணிக்கே சொல்லியிருந்தால் பொழுது சாய்வதற்குள் கிராண்ட் கேமனில் அதற்கான அழுத்தச் சிகிச்சை சேம்பருக்குள் இருந்திருப்பாய்.

நீ ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தபோது அந்த கைடு உன் கண்ணை மூடச் சொல்லி விரல் நுனிகளை டிஷ்யூ தாளால் தொட்டுத் தொட்டுக் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாய். தொடாதபோதும் "ம்" என்றாய். அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நீ பார்த்திருந்தால் அதற்கப்புறம் நம் நண்பர்களிடம் "பயந்தாங்கொள்ளி, ஊதிப் பெருசாக்கிட்டான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்க மாட்டாய். தங்கச்சிக்கு ஃபோன் செய்தது துரோகம் என்றாய். 60 அடி ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் தொடங்கி கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் நீ உள்ளே கிடக்கிறாய், வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நான் ஒருத்தன். யாரிடம் சொல்லியிருக்க வேண்டும், இகுவானாவிடமா?

சரி, கம்ப்யூட்டர். விடியற்காலையில் உன் பையைக் கட்டியது நான். மேலே வரும் வழியில் நின்று வர வேண்டிய டிகம்ப்ரஷன் நிறுத்தத்தில் நிற்காமல் நீ வந்ததால் அது பூட்டிக்கொண்டு, திரையில் எச்சரிக்கை மின்னிக்கொண்டிருந்தது. லாகைத் திறந்தேன். 151 அடி. டாக்டரிடம் "ஹண்ட்ரட் அண்ட் டென்" என்று நீ சொன்னபோது அது என் ஷூவுக்குள் ஒரு சாக்ஸில் சுருட்டிக் கிடந்தது. சிகிச்சைக்கு ஆழத்தைவிட அறிகுறிதான் முக்கியம் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தெரியாமலேயே மறைத்தேன், நீ மாட்டிக்கொள்ளக் கூடாது என்று. அதனால் உன் கைக்கு என்ன ஆகுமோ என்றுகூட யோசிக்கவில்லை.

சுண்டு விரலும் மோதிர விரலும் முழுசாகத் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டேன். மிருதங்கத்தை உறையோடு பரணில் ஏற்றிவிட்டாய் என்றும். வலந்தலையில் மோதிர விரல் மெல்லத் தொட்டு நிற்க, சுட்டுவிரலால் நீ தட்டும் அந்த 'நம்', ஆஸ்டின் அபார்ட்மெண்டில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை வாசிப்பாயே. அந்த விரல்தான் போயிருக்கிறது. அந்த ஆறு மணி நேரத்துக்கு மன்னித்துவிடு மாப்ள. எட்டு மணிக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், எதிர்பார்க்காதே.

151ஐ ஊரே படிக்கும்படி எழுதிவிட்டேனே என்று கோபம் வரும். வரட்டும். ஃபோனை எடுத்திருந்தால் உன்னிடம் மட்டும் சொல்லியிருப்பேன்.

பேட்டரி மாற்றிப் பார்த்தேன், வேலை செய்கிறது. மொத்தம் 31 டைவ். முதல் டைவ் டிராவிஸ் ஏரியில், 18 அடி, கலங்கல் தண்ணீரில் நீ என் கையை விடவே இல்லை. பழைய முகவரிதானா? வெள்ளிக்கிழமைவரை பார்ப்பேன், பதில் இல்லையென்றால் அதற்கே அனுப்பிவிடுவேன். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியிருக்கும், வீட்டில் இரு.